ஆலயத்தில் கிடைக்கும் புதிய பெயர்: முதன்முறை செல்வோருக்கு என் அனுபவத்திலிருந்து

மார்மன்கள் என்று பொதுவாக அழைக்கப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில், வாராந்தர வழிபாட்டுக் கூடம் அல்லாத, தேவனோடு உடன்படிக்கை செய்யும் சடங்குகளுக்கென்றே உள்ள ஆலயத்துக்கு முதன்முறையாகச் செல்லவிருக்கும் சகோதரிகளுக்கான ஆயத்த வகுப்பை, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள சவுத் ஜோர்டன் நகரில் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். வகுப்புக்கு வருபவர்கள் உடையைப் பற்றியும் உடன்படிக்கைகளைப் பற்றியும் தயக்கமில்லாமல் கேட்பார்கள். பெயரைப் பற்றி மட்டும் வகுப்பு முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள். அங்கே ஒரு புதிய பெயர் தருவார்களாமே, அதை யாரிடமும் சொல்லக்கூடாதாமே, அது எனக்கென்று தேர்ந்தெடுத்த பெயரா? இந்த மூன்றாவது கேள்விக்கு நேர்மையான பதிலை முன்கூட்டியே கேட்டுவிட்டுச் செல்பவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்பதையும், கேட்காமல் சென்று பின்னர் தற்செயலாக அறிந்துகொள்பவர்கள் காயப்படுகிறார்கள் என்பதையும் பலமுறை பார்த்துவிட்டதால் இதை எழுதுகிறேன். பெங்களூருவில் எங்கள் சபையின் ஆலயம் 2018-இல் அறிவிக்கப்பட்டு, 2020 டிசம்பரில் நிலம் தோண்டும் சடங்கு நடந்ததிலிருந்து, தமிழ்நாட்டு உறுப்பினர்களிடமிருந்தும் இதே கேள்வி எனக்கு வரத் தொடங்கியிருக்கிறது. ஹாங்காங் போன்ற தொலைவான ஊர்களுக்குப் பணம் சேர்த்துப் பயணம் செய்ய வேண்டியிருந்த அவர்களில் பலருக்கு, ஆலயத்துக்குச் சென்று வந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்கும் வாய்ப்பே இருந்ததில்லை.

எல்லையை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கிடைத்த பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. சடங்கில் பேசப்படும் வாசகங்களையும் எழுதப்போவதில்லை. அவற்றைக் காப்பதாக வாக்களித்திருக்கிறேன், அந்த வாக்கு எனக்கு உயிரானது. ஆனால் வேதத்தில் அச்சிடப்பட்டிருப்பவற்றையும், சபையே வெளிப்படையாக வெளியிட்டிருப்பவற்றையும், வரலாற்றாசிரியர்கள் பல ஆண்டுகளாக எழுதி வருபவற்றையும் பேசுவதற்குத் தடையில்லை. சொல்லக்கூடாதது மிகக் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்கு அஞ்சி எல்லாவற்றையும் மூடி வைப்பதுதான் புதிதாக வருபவர்களுக்கு நாம் செய்யும் பெரிய தீங்கு என்பது என் கருத்து.

புதிய பெயர் என்பது மார்மன்கள் புதிதாகக் கண்டுபிடித்தது அன்று. ஆதியாகமத்தின் 17-ஆம் அதிகாரத்தில் ஆபிராம் ஆபிரகாமாகிறார், சாராய் சாராளாகிறாள். 32-ஆம் அதிகாரத்தில் விடியும்வரை போராடிய யாக்கோபு இஸ்ரவேல் என்ற பெயரைப் பெறுகிறார். இம்மூவருக்கும் பெயர் வருவது உடன்படிக்கையோடு அல்லது ஆசீர்வாதத்தோடு சேர்ந்துதான் என்பதைக் கவனிக்க வேண்டும். ஏசாயா 62-ஆம் அதிகாரம் கர்த்தரின் வாய் சொல்லும் புதிய நாமத்தைப் பற்றிப் பேசுகிறது. வெளிப்படுத்தின விசேஷம் 2-ஆம் அதிகாரம் ஜெயங்கொள்ளுகிறவனுக்குக் கொடுக்கப்படும் வெண்மையான குறிக்கல்லையும், அதில் எழுதப்பட்ட, பெறுகிறவனைத் தவிர வேறொருவரும் அறியாத புதிய நாமத்தையும் குறிப்பிடுகிறது. எங்கள் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1843-இல் இல்லினாய் மாநிலத்தில் அளித்த போதனை ஒன்றில் இதே வெண்கல்லை விளக்கி, அந்தப் புதிய பெயரே திறவுகோலான சொல் என்றார். அது இன்று ‘கோட்பாடும் உடன்படிக்கைகளும்’ என்ற எங்கள் வேதநூலின் 130-ஆம் பிரிவில் எவரும் படிக்கும்படி இருக்கிறது. சால்ட் லேக் ஆலயத்துக்கு 1853-இல் மூலைக்கல் நாட்டிய நாளில், ஜோசப் ஸ்மித்துக்குப் பின் சபையை வழிநடத்திய பிரிகாம் யங் பேசியதும் அச்சில் உள்ளது: தேவனுடைய சமுகத்துக்குத் திரும்பும் வழியில் காவல் நிற்கும் தூதர்களைக் கடந்து செல்லத் தேவையான சொற்களையும் அடையாளங்களையும் பெறுவதுதான் இந்தச் சடங்கின் நோக்கம் என்று அவர் விளக்கினார். பெயர் எதற்கு என்று கேட்பவர்களை நான் இந்த இரண்டு இடங்களுக்குத்தான் அனுப்புகிறேன். இவற்றைப் படித்துவிட்டு வருபவருக்கு அன்றைய நாளின் பாதி அந்நியத்தன்மை குறைந்துவிடும்.

பெயர் கொடுக்கப்படுவது தரிப்பித்தல் என்று நாங்கள் சொல்லும் சடங்கைச் சார்ந்தது. இல்லினாய் மாநிலத்தின் நாவூ நகரில், செங்கல்லால் கட்டிய தம்முடைய கடையின் மாடி அறையில் 1842 மே 4-ஆம் தேதி ஒன்பது ஆண்களுக்கு ஜோசப் ஸ்மித் அதை முதலில் அளித்தார். அடுத்த ஆண்டு அவருடைய மனைவி எம்மா அதைப் பெற்ற பிறகு மற்றப் பெண்களும் பெற்றார்கள். நாவூ ஆலயத்தில் 1845 டிசம்பரிலிருந்து சில வாரங்களுக்குள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இரவும் பகலுமாக அதைப் பெற்றுக்கொண்டுதான் மேற்கு நோக்கிப் புறப்பட்டார்கள். இன்றைய முறையில் முதற்பகுதி தனிமையில் நடக்கிறது. யாத்திராகமத்தில் ஆரோனும் அவர் குமாரர்களும் கழுவப்பட்டு அபிஷேகம் பண்ணப்பட்டதை நினைவூட்டும் வகையில், தண்ணீராலும் எண்ணெயாலும் அடையாளமாக ஆசீர்வதிக்கிறார்கள். பெண்களுக்குப் பெண்களே அதைச் செய்கிறார்கள். பெயர் அந்தப் பகுதியைச் சேர்ந்தது. இரண்டாம் பகுதியில் படைப்பும் வீழ்ச்சியும் மீட்பும் பற்றிய போதனையும், ஐந்து உடன்படிக்கைகளும் வருகின்றன.

நான் அதைப் பெற்றது ஜோர்டன் ரிவர் ஆலயத்தில். திரையிட்ட சிறிய இடம், வெள்ளை உடையணிந்த வயதான ஒரு பெண்மணி, மிக மெல்லிய குரல். உலகத்தில் அந்த வேளையில் எனக்கு வேறு வேலையே இல்லை என்பது போன்ற ஓர் அமைதி. என் அம்மா வைத்த பெயரை அவர் தடுமாறித் தடுமாறிச் சொல்லி, சரியாகச் சொன்னேனா என்று கண்களாலேயே கேட்டார். பிறகு புதிய பெயர் வந்தது. அது வேதத்தில் நான் ஏற்கெனவே படித்திருந்த பெயர். உடல் சிலிர்த்தது என்றோ ஒளி தெரிந்தது என்றோ நான் சொல்லமாட்டேன். யாரோ என்னை நெடுநாளாகத் தெரிந்துவைத்திருந்து கூப்பிட்டதைப் போன்ற உணர்வு மட்டும் இருந்தது, அது இன்றுவரை இருக்கிறது.

இதிலிருந்து முதன்முறை செல்பவர்களுக்கு நான் சொல்வது எளிமையானது. பெயர் மெதுவாகத்தான் சொல்லப்படும். ஆங்கிலத்தில் கேட்பவர்களாக இருந்தால் அமெரிக்க உச்சரிப்பில் வரும் வேதப் பெயர் நம் பைபிளில் பழகிய ஒலியைப் போல இருக்காது. எங்கள் மற்றொரு வேதநூலான மார்மன் புஸ்தகத்துப் பெயராக இருந்தால் இன்னும் சிரமம். காதில் சரியாக விழவில்லை என்றால் அங்கேயே, அப்பொழுதே, திரும்பச் சொல்லும்படி கேளுங்கள். பெரியவர்களிடம் திரும்பக் கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்ட நமக்கு இது கூச்சமாக இருக்கும். அந்தப் பணியாளர்கள் இதற்காகவே அங்கே நிற்கிறார்கள்; யாரும் முகம் சுளிப்பதில்லை. எங்கும் எழுதி வைக்காதீர்கள். அப்படியும் பின்னாளில் மறந்துபோனால், அது பாவமும் அன்று, அவமானமும் அன்று. ஆலயத்தில் தனியாகத் தெரிவித்தால், நீங்கள் சடங்கைப் பெற்ற தேதியைக் கொண்டு உதவி செய்வார்கள். பெயரை மறந்துவிட்டோம் என்ற வெட்கத்தால் ஆண்டுக்கணக்கில் ஆலயத்துக்கே வராமல் இருந்த ஒரு சகோதரியை எனக்குத் தெரியும். ஒரு சிறு கேள்வியில் தீர்ந்திருக்க வேண்டிய துயரம் அது.

தேதியைக் கொண்டு எப்படி உதவ முடியும் என்று கூர்மையான வாசகர் கேட்பார். அதுதான் அந்த மூன்றாவது கேள்விக்கான பதில். குறிப்பிட்ட ஒரு நாளில் ஓர் ஆலயத்துக்கு வரும் ஆண்களுக்குப் பொதுவாக ஒரே பெயரும், பெண்களுக்குப் பொதுவாக வேறொரு பெயரும் வழங்கப்படுகின்றன என்று இந்தச் சடங்கின் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். உங்கள் முகத்தைப் பார்த்தோ, உங்கள் குணத்தை அறிந்தோ, தனியாக ஜெபித்தோ யாரும் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுப்பதில்லை. இதை எழுதும்போது எங்கள் சபை உறுப்பினர்களில் சிலர் வருத்தப்படுவார்கள் என்பது தெரியும். ஆனால் இணையத்தில் ஒரு நிமிடத்தில் கிடைக்கும் இந்தச் செய்தியை, ஏளனம் செய்பவர்களின் வாயிலிருந்து ஒரு புதிய உறுப்பினர் முதலில் கேட்பதைவிட, அன்போடு பேசும் ஒருவரிடமிருந்து கேட்பது எவ்வளவோ மேல்.

என் வகுப்புக்கு வந்த இளம் பெண் ஒருவர், தன் கல்லூரித் தோழியோடு ஒரே நாளில் சடங்கைப் பெற்றவர், சில மாதங்களில் இதை இணையத்தில் படித்துவிட்டு என் வீட்டுக்கு அழுதுகொண்டு வந்தார். தேவன் என்னைப் பெயர் சொல்லி அழைத்தார் என்று நினைத்திருந்தேன் அக்கா, அன்றைக்கு வந்த எல்லோருக்கும் கொடுத்ததைத்தான் எனக்கும் கொடுத்தார்களா என்று கேட்டார். அவருடைய வலியைச் சிறியது என்று நான் நினைக்கவில்லை. எவருக்கும் சொல்லாமல் நெஞ்சுக்குள் வைத்திருந்த ஒன்று பொதுவானது என்று அறிவது எளிதில் தாங்கக்கூடியது அன்று. அன்று அவரோடு உட்கார்ந்து மார்மன் புஸ்தகத்தில் மோசியா 5-ஆம் அதிகாரத்தைப் படித்தேன். பென்யமீன் ராஜா தன் ஜனங்களை ஆலயத்தருகே கூட்டி, அவர்கள் உடன்படிக்கை செய்த அதே நாளில் ஒரு பெயரை அளிக்கிறார். கூடியிருந்த அத்தனை பேருக்கும் ஒரே பெயர், கிறிஸ்துவின் பெயர். அந்தப் பெயரை இருதயத்தில் எழுதப்பட்டதாக எப்போதும் காத்துக்கொள்ளும்படி அவர் சொல்கிறார். ஆளுக்கொரு தனிப்பெயர் என்ற எதிர்பார்ப்பு எங்கள் வேதத்திலிருந்து வந்ததன்று, நாமாக உள்ளே கொண்டுசென்றது என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான். ஒரே நாளில் ஒரே பெயரைப் பெற்றவர்கள் ஒரே கூட்டமாக உடன்படிக்கைக்குள் வருகிறார்கள். அதன்பின் அந்தப் பெயரை ஒருத்தி நோயாளியான கணவரின் படுக்கையருகே காக்கிறாள், இன்னொருத்தி வேலையிழந்த ஆண்டில் காக்கிறாள், வேறொருத்தி காக்க முடியாமல் விட்டுவிடுகிறாள். பெயர் ஒவ்வொருவருடையதாகத் தனித்து ஆவது அந்த ஆண்டுகளில்தான். இந்த விளக்கம் எல்லோருக்கும் போதுமானது என்று நான் கூறமாட்டேன். அந்தப் பெண் இன்றும் ஆலயத்துக்கு வருகிறார். ஆனால் முன்பே தெரிந்திருந்தால் அழுதிருக்கமாட்டேன் என்று அவர் சொன்னது என் வகுப்பை மாற்றியது. இப்போது இதைக் கடைசி வகுப்பில் நானே சொல்லிவிடுகிறேன். அதே காரணத்தால், ஒரே நாளில் போய் வந்த தோழிகள் பெயரைப் பற்றி ஒருவருக்கொருவர் ஊகிக்கவோ ஒப்பிடவோ வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

பெண்களுக்கு இன்னொரு வேதனையும் இருந்தது, அதையும் மறைக்க விரும்பவில்லை. ஆலயத் திருமணத்துக்கு முன் மணமகள் தன் புதிய பெயரை மணமகனுக்குத் தெரிவிப்பதும், மணமகன் தன் பெயரை அவளுக்குத் தெரிவிக்காமலிருப்பதும் நெடுங்கால வழக்கமாக இருந்தது. கணவனை நேசித்த பெண்களே இந்த ஒருபக்க ஏற்பாட்டை நினைத்து மனம் நொந்ததுண்டு. சடங்குகளில் காலத்துக்கேற்ற மாற்றங்கள் செய்யப்பட்டு வந்துள்ளன என்று 2019 ஜனவரியில் சபையின் தலைமைப் பீடமே அறிக்கை வெளியிட்டது; அந்த மாற்றங்கள் பெண்களின் இடத்தை உயர்த்தியதாகப் பத்திரிகைகள் எழுதின. ஆகையால் தாயோ அத்தையோ முப்பது ஆண்டுகளுக்கு முந்திய தங்கள் நினைவிலிருந்து சொல்வதை மட்டும் நம்பிச் செல்லாதீர்கள். அண்மையில் சென்று வந்தவரிடமும் கேளுங்கள்.

பெயரின் ஆழத்தை எனக்குக் காட்டியது என் சொந்தச் சடங்கைவிட, இறந்தவர்களுக்காக நான் செய்த சடங்குகள்தாம். ஒருவர் தமக்காக ஒரே முறைதான் தரிப்பித்தலைப் பெறுகிறார். அதன்பின் செல்லும் ஒவ்வொரு முறையும் மறைந்துபோன ஒருவரின் சார்பில் பெறுகிறார். 1877-இல் யூட்டாவின் செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தில் தொடங்கிய வழக்கம் இது. அந்த மறைந்தவருக்கும் ஒரு புதிய பெயர் உண்டு, அதை அவர் சார்பில் நாம் காதில் வாங்கிக்கொள்கிறோம்.

பொள்ளாச்சிக்குப் பக்கத்துக் கிராமத்தில் வாழ்ந்து மறைந்த என் அம்மிச்சிக்காக, அதாவது அம்மாவின் அம்மாவுக்காக, இதைச் செய்ய விரும்பினேன். கடந்த 110 ஆண்டுகளுக்குள் பிறந்தவராக இருந்தால், மிக நெருங்கிய உறவினரின் அனுமதி வேண்டும் என்பது சபையின் விதி. விதியின்படி என் அம்மாவின் சம்மதம் போதும். ஆனால் அண்ணனைக் கேட்காமல் அம்மா எதையும் செய்யமாட்டார். மாமா தொலைபேசியில் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஏன் கண்ணு, வருசா வருசம் மாரியாத்தாளுக்குத் தீச்சட்டி எடுத்தவளை நீ இப்போ மாத்தப் போறியா?” என்று கேட்டார். மிக நியாயமான கேள்வி. நாங்கள் செய்வது அவருக்கு ஒரு வாய்ப்பை வழங்குவது மட்டுமே, ஏற்பதும் மறுப்பதும் மறுமையில் அவருடைய சுதந்திரம், அவரை எங்கள் சபை உறுப்பினராக எந்தப் பதிவேட்டிலும் சேர்ப்பதில்லை என்று விளக்கினேன். அவர் உடனே சம்மதிக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. பிறகு ஒரு பொங்கலன்று அவரே அழைத்து, “அவளுக்குப் பிடிக்கலைன்னா அவளே வேண்டாம்னு சொல்லிக்குவா, நீ செய்” என்றார். இந்தச் சம்மதத்துக்காகக் காத்திருக்காமல் பெயரைப் பதிவு செய்வது மிக எளிது. அப்படிச் செய்துவிடாதீர்கள் என்று நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இறந்தவரின் கண்ணியமும் உயிரோடிருப்பவர்களின் மனமும் நம் ஆர்வத்தைவிடப் பெரியவை.

சபை நடத்தும் வம்சாவளி இணையதளமான ஃபேமிலிசர்ச்சில் அம்மிச்சியின் பெயரைப் பதிவதிலும் நம்மவர்களுக்கே உரிய சிக்கல்கள் இருந்தன. ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஊரே கூப்பிட்டது வேறு பெயர், குடும்பப் பெயர் என்று ஒன்றும் கிடையாது. ரேஷன் கார்டில் உள்ள பெயரை முதன்மையாகவும், ஊர் வழங்கிய பெயரை மாற்றுப் பெயராகவும் பதிந்தேன். குடும்பப் பெயருக்கான கட்டத்தை வெறுமையாக விடலாம். கணவர் பெயரையோ சாதிப் பெயரையோ போட்டு நிரப்பத் தேவையில்லை. ஆலயத்தில் அவருடைய பெயர் அச்சிட்ட இளஞ்சிவப்பு அட்டையை என் கையில் கொடுத்தபோது, பணியாளரான பெண்மணி அந்தப் பெயரில் இருந்த ழகரத்தை எப்படிச் சொல்வது என்று கேட்டு, நாவை மடித்து மடித்து, வருமட்டும் பயின்றார். எழுத்தறியாத, கூலிக்குக் கடலை பறித்த ஒரு பெண்ணின் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று உலகத்தின் மறுகோடியில் ஒருவர் அவ்வளவு பாடுபட்டதைக் கண்டு எனக்குக் கண்ணீர் வந்தது. அதன் பின்னர் அம்மிச்சிக்கான புதிய பெயரை நான் கேட்டேன்.

அன்றிரவு அம்மா அழைத்து, “எங்கம்மாவுக்கு என்ன பேர் வெச்சாங்க?” என்று கேட்டார். மகளிடமே சொல்லமுடியாத நிலை எனக்குக் கடினமாக இருந்தது. அது அம்மிச்சிக்கும் தேவனுக்கும் உரியது, நான் காதில் வாங்கிக்கொடுத்தவள் மட்டுமே என்றேன். அம்மா சிறிது நேரம் யோசித்துவிட்டு, சரி, அவளிடமே கேட்டுக்கொள்கிறேன் என்றார். அதன்பின் ஒருபோதும் கேட்டதில்லை.

சபையில் இல்லாத குடும்பத்தார் உள்ளவர்களுக்கு இந்த நேரம் கட்டாயம் வரும். “அது இரகசியம்” என்று ஒரே சொல்லில் கதவைச் சாத்தாதீர்கள். பெற்றோர் அதை நிராகரிப்பாக எடுத்துக்கொள்வார்கள். எதைப் பெற்றீர்கள், ஏன் பெற்றீர்கள், எந்த வேத வசனங்களில் அது இருக்கிறது என்று மனந்திறந்து சொல்லிவிட்டு, இந்த ஒன்றை மட்டும் சொல்லாமலிருக்க வாக்களித்திருக்கிறேன் என்றால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்கிறார்கள். பெற்றோர் வைத்த பெயரைத் துறப்பதாக அவர்கள் அஞ்சினால், புதிய பெயரால் யாரும் உங்களை அழைக்கப்போவதில்லை, பாஸ்போர்ட்டிலிருந்து சபைப் பதிவு வரை பழைய பெயரே தொடரும் என்பதையும் சொல்லுங்கள்.

மற்றவை நடைமுறை விஷயங்கள். ஞானஸ்நானம் பெற்று ஓர் ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும். பிஷப்பும் அவருக்கு மேலான தலைவரும் தனித்தனியே பேட்டி கண்டு ஆலயப் பரிந்துரை தருவார்கள். கீழ்ப்படிதல், பலி, சுவிசேஷம், கற்பு, அர்ப்பணம் என்னும் ஐந்து உடன்படிக்கைகளும் சபையின் பொதுக் கையேட்டில் வெளிப்படையாக உள்ளன. பேட்டிக்கு முன்பே அவற்றைப் படித்து, ஏற்க மனமிருக்கிறதா என்று ஜெபத்தோடு யோசியுங்கள். இன்னும் தயாராகவில்லை என்று தோன்றினால் தேதியைத் தள்ளிவைப்பதில் குற்றமில்லை. பயணச் சீட்டு எடுத்துவிட்டோமே, உறவினர் வந்துவிட்டார்களே என்பதற்காக எவரும் உடன்படிக்கை செய்யக்கூடாது. உடன் வரும் துணையாக, நீங்கள் தயங்காமல் கேள்வி கேட்கக்கூடிய ஒரு சகோதரியைத் தேர்ந்தெடுங்கள். பதவியில் பெரியவர் என்பதற்காக ஒருவரை அழைத்துவிட்டு, அன்று முழுவதும் வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு. திருமணத்தையும் அதே நாளில் வைத்துக்கொள்ளாமல் சில வாரங்களாவது இடைவெளி விட்டால், பெயரும் வாக்குகளும் மனத்தில் பதியும். தொலைவிலிருந்து வருபவர்கள் முடிந்தால் மறுநாளும் அதே ஊரில் தங்கி, மறைந்த ஒருவருக்காக மீண்டும் ஒருமுறை உள்ளே செல்லுங்கள். முதல் நாள் பதற்றத்தில் காதில் விழாதவை அன்று நிதானமாக விழும்.